கேரளாவுல கிராமசபை நம்ம தமிழ்நாடு மாதிரியேதானா?

பேரு ஒண்ணுதான், நடக்குற விதம் வேற. தமிழ்நாட்டுல ஜனவரி 26, மே 1ன்னு முழு பஞ்சாயத்துக்கும் சேத்து கூட்டம், இங்க கேரளா பாலக்காடு மாவட்டத்து கொழிஞ்சாம்பாறைல வார்டுக்கு வார்டு தனி சபை, அந்த வார்டு ஓட்டர் எல்லாருமே அதுல உறுப்பினர்தான், 1994 கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி 3 மாசத்துக்கு ஒருதடவையாவது கூட்டியே ஆகணும். கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது வரவேண்டிய ஆளுங்க, வார்டு ஓட்டர்ல 10 சதவீதம். சந்தை நாள்ல வெச்சா தேறாது, தக்காளிப் பெட்டிய விட்டுட்டு எவன் வருவான்?

வீடு, மாட்டுத்தொழுவத்துக்கெல்லாம் பயனாளி லிஸ்ட் இங்கதான் வாசிப்பாங்க, பேரு விட்டுப்போச்சுன்னா அங்கயே எந்திரிச்சு கேட்டுருங்க. போன தடவ பக்கத்து வீட்டு அக்கா, மினிட்ஸ் (கூட்டத்துல பேசுனத எழுதி வெக்கிற குறிப்பு) மலையாளத்துல இருக்கு, தமிழ்ல படிச்சுக்காட்டாம கையெழுத்து போடமாட்டேன்னு பேனாவ மூடி வெச்சிடுச்சு, அப்புறம் மொத்த கூட்டமும் உக்காந்து கேட்டுச்சு. நடுவுல அவசரம்னா 10 சதவீத ஓட்டர் எழுதிக் குடுத்து ஸ்பெஷல் கூட்டம் கேக்கலாம், என்ன பேசணும்னு அஜெண்டாவும் சேத்துக் குடுக்கணும்.