பழைய வீடுகளுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: “பாரிசவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குச் சக்கர நாற்காலிதான். புறக்கோட்டை ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தையும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டையும் பார்க்க ஆசைப்படுகிறார். போன மாதம் வேறோர் இடத்தில் ‘வரலாம்’ என்றார்கள். போனால் வாசலிலேயே மூன்று படி. எப்படிக் கேட்பது?”

“சக்கர நாற்காலி வருமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நாங்கள் தூக்கி விடுவோம்” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அவசரத்தில் யாராவது வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடக்கூடும்.

அளவு கேளுங்கள். வாசலில் எத்தனை படி, ஒரு படி என்ன உயரம், கதவு திறந்தால் இடைவெளி எவ்வளவு? அதற்கு முன் உங்கள் கதிரையை, கையால் தள்ளும் வளையத்தின் வெளிவிளிம்பு வரை அளந்து வையுங்கள். பெரும்பாலும் 60 முதல் 68 செ.மீ. வரும். பழைய வீடுகளில் இரட்டைக் கதவுகள் இருக்கும். ஒன்றைத்தான் திறந்து வைப்பார்கள். மற்றதன் தாழ்ப்பாள் பெயின்ட் மேல் பெயின்ட் பூசி இறுகிக் கிடக்கும். முதல் நாளே சொன்னால் இரண்டையும் திறந்து வைப்பார்கள். கதவின் கீழ்க்கட்டையில் முன்சில்லு முட்டினால் கதிரையைத் திருப்பி, பெரிய சில்லு முதலில் ஏறும்படி பின்பக்கமாக இழுங்கள்.

ஒல்லாந்தர் அருங்காட்சியகம் 17ஆம் நூற்றாண்டு மாடிவீடு; 1982இல் அருங்காட்சியகமானது. மேல்மாடிக்குப் படிதான். அம்மாவுக்குக் கீழ்த்தளமும் பின்முற்றமும். திறந்திருக்கும் நாளை விசாரித்து, காலையிலேயே போய்விடுங்கள்; பிந்தினால் பிரின்ஸ் வீதியில் லொறிகளுக்கும் நாட்டாமிமாரின் வண்டிகளுக்கும் நடுவே கதிரையை இறக்கவே இடம் கிடைக்காது.

பாவாவின் வீடு, நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கியது. மொட்டைமாடியை விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் அந்த வீட்டின் சாரமே கீழ்த்தளத்து நீண்ட நடையும் வெளிச்சம் விழும் குட்டி முற்றங்களும்தான். முன்பதிவின்போதே “அம்மா கீழேதான் இருப்பார், அங்கே ஆறுதலாகக் காட்டுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மேலே யாராவது போய் வீடியோ எடுத்து வரட்டும்.

“பழைய கட்டடம், கை வைக்க முடியாது” என்று சிலர் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது, உண்மைதான். ஆனால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல், வைத்து எடுக்கும் மரச் சாய்தளத்துக்கு என்ன தடை? பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. சரிவு 1:12 என்பது வழக்கமான கணக்கு: 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளப் பலகை. அதைவிடக் குட்டையாகப் போட்டால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது கதிரை கையை மீறும்.

அப்புறம், மலசலகூடம். அதன் கதவு அகலத்தையும், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பதையும் கேளுங்கள். உள்ளே திறந்தால் கதிரையோடு போய்க் கதவைச் சாத்த இடமிருக்காது. பதில் சரியாக வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம்.