பத்து வயதுச் சிறுமி 'தி ஹங்கர் கேம்ஸ்' படிக்கலாமா?

வகுப்பில் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று பத்து வயது மகள் அடம்பிடிப்பதாகவும், முதல் பாகத்தை வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுக்கலாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொன்னால் கதையின் முடிச்சுகள் சில அவிழ்ந்துவிடும். அதில் வருத்தமில்லை என்றால் மேலே படியுங்கள்.

சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த இந்த நாவலைப் பதிப்பாளரே 12 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றுதான் குறிப்பிடுகிறார். கதைக்குள்ளும் அந்த வயதுதான் வாசற்படி. 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, 12 மாவட்டங்களிலிருந்தும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் எடுத்து, அந்த 24 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிடுகிறார்கள். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும்.

கொலைகள் நிறைய உண்டு. முதல் நாளிலேயே பதினொரு பேர் இறந்துபோகிறார்கள். இருந்தாலும் காலின்ஸ் இரத்தத்தை ரசித்து எழுதுபவர் அல்லர். பெரும்பாலான சாவுகள் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான பாரம் பசியில் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குரிய தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், ஏழைப் பிள்ளை தன் பெயரைக் குலுக்கலில் இன்னொரு முறை எழுதிப் போட வேண்டும். கதையைச் சொல்லும் பதினாறு வயது நாயகி காட்னிஸின் பெயர் இப்படி இருபது சீட்டுகளில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிம்முக்கு இருந்ததோ ஒரே சீட்டு, எடுக்கப்படுவதும் அதுதான். அவளுக்குப் பதிலாகக் காட்னிஸே போகிறாள்.

என் அக்கா மகள் பதினொன்றரை வயதில், என்னைக் கேட்காமலே அலமாரியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டாள். கேட்டோ என்ற பையனை ஓநாய் போன்ற மிருகங்கள் இரவெல்லாம் குதறும் இடத்தில் பயந்திருப்பாள் என்று எண்ணி, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவளோ, "சித்தி, அவங்க அம்மா ஏன் எழுந்திருக்கவே இல்லை?" என்று கேட்டாள். சுரங்க விபத்தில் கணவன் இறந்த பிறகு, பிள்ளைகள் பட்டினி கிடப்பது கண்ணில் பட்டும் படாமல் காட்னிஸின் தாய் உட்கார்ந்தே இருக்கிறாள். பதினொரு வயது மகள் மழையில் குப்பைத் தொட்டிகளைத் துழாவிக்கொண்டு போகிறாள். தன் வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தாய் இருந்தும் இல்லாமல் போனது அவளை அவ்வளவு தைத்திருக்கிறது. மனநோய் என்றால் என்ன என்று அன்று மாலை முழுவதும் பேச வேண்டியிருந்தது. பத்து வயதில் அந்தப் பேச்சு எந்த அளவுக்குப் புரிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

படத்தைப் பார்த்துவிட்டாள், ஆகவே புத்தகத்தையும் படிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 2012இல் வந்த படத்திற்கு '12ஏ' சான்றிதழ் (பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு பார்க்கலாம்) பெறுவதற்காகப் பிரிட்டனில் ஏழு விநாடிக் காட்சிகள் குறைக்கப்பட்டன. அதோடு சண்டைகளில் கேமரா ஆடிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குப் பாதிதான் தெரியும். புத்தகத்தில் எல்லாவற்றையும் காட்னிஸே, அந்தந்தக் கணத்தில், நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை.

நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் ஆட்சேபம் எழுந்த நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்நூலும் இருந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் பாலியலும் ஒன்று. முத்தங்களைத் தாண்டி முதல் பாகத்தில் எதுவும் இல்லை. புகார் செய்தவர்கள் புத்தகத்தைத் திறந்தார்களா என்பதே என் சந்தேகம்.

மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே' வேறு வகை. ஃபின்னிக் என்ற இளைஞனை ஆட்சியாளர் உடலுக்காக விலைபேசி விற்றது அதில் வெளிப்படுகிறது. குழந்தைகள் நடுவே குண்டு வெடித்து, காப்பாற்ற ஓடிவரும் மருத்துவ உதவியாளர்கள் மீது இரண்டாம் முறை வெடிக்கிறது. அவர்களில் பிரிம்மும் ஒருத்தி. பதினான்கு வயதுக்கு முன் அதைக் கொடுக்க மாட்டேன். அக்கா மகளுக்கும் இன்னும் கொடுக்கவில்லை, கோபமாகத்தான் இருக்கிறாள்.

உங்கள் மகள் தோழியிடம் இரவல் வாங்கி முதல் பாகத்தை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். நீங்களும் அதே வாரத்தில் படித்துவிடுங்கள். கேட்டோவின் இரவு 25ஆம் அத்தியாயத்தில் வருகிறது, அதை மட்டும் பகலில் படிக்கச் சொல்லுங்கள்.