டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

வயது 52. கூட்டுறவு வங்கியில் காசாளர்; நாள் முழுவதும் நாற்காலிதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் தரையில் பந்தி. சாப்பிட்டு முடித்தபின் எழ முடியவில்லை. எச்சில் கையோடு தவித்தேன். அக்கா மகன் தூக்கிவிட்டான். மறுநாளே கைபேசியில் வீடியோ பார்த்து 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தேன். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, விட்டுவிட்டேன். இப்படி விடுவது மூன்றாவது முறை. எனக்கு மன உறுதி போதவில்லையா? வீட்டிலேயே கொஞ்ச நேரம் செய்ய வழி உண்டா? ஆவணியில் மகளுக்குக் கல்யாணம்.

வி., கும்பகோணம்

அன்புள்ள வி.,

மன உறுதியில் குறையில்லை. பழகாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் வலி அன்றே உச்சத்துக்கு வராது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வரும். நீங்கள் விட்டது சரியாக அந்த நாளில். இன்னும் இரண்டு மூன்று நாளில் அது தானாகவே தணிந்திருக்கும். தவறு தொடங்கிய அளவில் இருக்கிறது.

1950களின் இறுதியில் கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் என்பவர் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். ஐந்து பயிற்சிகள், தினம் 11 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். அதில் எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு: எவ்வளவு பலசாலியானாலும் அட்டவணையின் ஆகச் சுலபமான அடிப்படியில்தான் தொடங்க வேண்டும், வயது கூடக்கூட ஒவ்வொரு படியிலும் அதிக நாள் நிற்க வேண்டும். அதிலுள்ள சில பயிற்சிகள் முதுகுக்கு ஆகாது என்று இன்று சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டு அந்தக் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். வலக்கை எச்சில், ஊன்ற முடியாது. எதிரே இலை. அந்த இடத்தில் உடம்பைத் தூக்க வேண்டியவை தொடையும் இடுப்பும்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கைப்பிடியில்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் நாலு எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் பலம் ஏறுகிறது. அதிகம் வலி தருவதும் அதுவே என்பதால் முதல் வாரம் ஐந்து முறை போதும். அடுத்து, சுவரில் கைகளை ஊன்றித் தண்டால், ஐந்து. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது, ஐந்து. வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டினால் போதும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானே ஓடும். மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

எப்போது செய்வது என்பதை மனநிலையிடம் விடாதீர்கள். நான் காலையில் ஃபில்டரில் தூள் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி மூடியதும் தொடங்குவேன். டிகாக்‌ஷன் இறங்கப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். கடைசிச் சொட்டு விழும்போது பயிற்சியும் முடிந்திருக்கும், பிறகு காபி. நான்கு வருடமாக இப்படித்தான். வெளியூர் போனால் விட்டுப்போகிறது. திரும்பிய மறுநாள் ஃபில்டரே கூப்பிடுகிறது. ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடாது. தவறிய நாளுக்கும் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், அதுதான் கெடுதல்.

பன்னிரண்டு நிமிடம் மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். வங்கிக்கும் கடைவீதிக்கும் வேகமாக நடக்கும் நடையும் சேர்த்திதான்.

நாற்காலியில் பதினைந்து முறை சிரமமின்றி எழ வந்தபின், உயரம் குறைந்த ஸ்டூலுக்கு மாறுங்கள். பிறகு மணைப்பலகை. அப்புறம் பாயில் உட்கார்ந்து, பக்கத்தில் ஸ்டூலை வைத்து இடக்கையை மட்டும் அதில் ஊன்றி எழுந்து பழகுங்கள். வலக்கையில் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொள்ளுங்கள், எச்சில் கை என்று நினைத்துக்கொண்டு.

ஆவணிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. சம்பந்தி வீட்டாரோடு நீங்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எழுந்ததும் எனக்கு எழுதுங்கள்.