பெண் வேட்பாளரை மேடையில் இழிவாகப் பேசினால், அவர் கண்டுகொள்ளாமல் கடந்து போவதுதானே நல்லது?

கேள்வியில் இருக்கும் வாதம் இதுதான்: பிரசாரத்தில் எதிரணியினர் ஒரு பெண் வேட்பாளரின் உடலையோ உடையையோ குடும்ப வாழ்க்கையையோ கொச்சையாகப் பேசினால், அதற்குப் பதில் சொல்வது அந்தப் பேச்சை இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவே முடியும், ஆகவே அதைப் பொருட்படுத்தாமல் தன் கொள்கையைப் பேசிக்கொண்டே போவதுதான் அவருக்கு வெற்றி தரும்.

நான் இதை ஏற்கவில்லை. நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்விதான் இது. பல தேர்தல்களைப் பார்த்த மூத்தவர்களே பெண் வேட்பாளர்களுக்கு இந்த அறிவுரையைத்தான் தருகிறார்கள். ஆனாலும் உடனடியாக, சுருக்கமாக, வெளிப்படையாகப் பதில் சொல்வதே அவருக்கு நன்மை என்பதும், அந்தப் பதிலின் பாரம் அவர் ஒருவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில், மௌனம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவில் விமன்ஸ் மீடியா சென்டர் உள்ளிட்ட அமைப்புகளுக்காக, கருத்துக்கணிப்பு வல்லுநர் செலிண்டா லேக்கின் நிறுவனம் 2010-இல் வாக்காளர்கள் 800 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கற்பனையான ஒரு பெண் வேட்பாளரையும் ஓர் ஆண் வேட்பாளரையும் முன்வைத்து, அந்தப் பெண்ணைப் பற்றிய பாலின இழிசொற்களைக் கேட்ட பிறகு வாக்காளர்களின் மனம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். அவருடைய ஆதரவு சரிந்தது. மிகக் கடுமையான வசைச்சொல்லுக்கும், பலர் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடக்கூடிய மென்மையான கேலிக்கும் பாதிப்பில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை என்பதுதான் பலரும் எதிர்பாராத முடிவு. அதைவிட முக்கியமானது, அந்த வேட்பாளர் இது பெண் என்பதற்காகச் செய்யப்படும் இழிவு என்று நேரடியாகச் சுட்டிக்காட்டிய பிறகு, இழந்த ஆதரவில் பெரும்பகுதியை மீட்டெடுத்தார் என்பது. அதே அமைப்புகள் 2013-இல் 1,500 வாக்காளர்களிடம் நடத்திய அடுத்த ஆய்வில், வேட்பாளரின் தோற்றத்தைப் புகழ்ந்து எழுதினாலும், இகழ்ந்து எழுதினாலும், எந்தப் பக்கமும் சாயாமல் வெறுமனே விவரித்தாலும் அவருக்கு நட்டமே ஏற்படுகிறது என்று தெரிந்தது. அவரை என்ன பாராட்டத்தானே செய்தோம் என்று கேட்பவர்கள் இந்த முடிவைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். இவை கற்பனை வேட்பாளர்களை வைத்து, ஒரே நாட்டின் வாக்காளர்களிடம் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதால், இவற்றின் எண்களை அப்படியே எல்லாத் தேர்தல்களுக்கும் பொருத்த முடியாது. ஆனால் அவை காட்டும் திசை, நான் நேரில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

உள்ளாட்சித் தேர்தல் ஒன்றில் ஒரு பெண் வேட்பாளருக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்ட குழுவில் நானும் இருந்தேன். குடிநீர் இணைப்புக்கான வைப்புத்தொகை எங்கெல்லாம் வசூலிக்கப்பட்டது, எத்தனை வீடுகளுக்கு இணைப்பு வந்தது என்ற கணக்கை ஒரே தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பார் அவர். தொடக்கத்தில் மக்கள் அந்தத் தாளைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் வரிசைக்கு எப்போது வரும், கட்டிய பணத்துக்கு ரசீது உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு எதிரணியின் கூட்டத்தில் ஒரு பேச்சாளர், "குடும்பத்தையே நடத்தத் தெரியாதவங்க ஊரை எப்படி நடத்துவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் எங்கள் வேட்பாளர் கணவரைப் பிரிந்து வாழ்வது அங்கே எல்லாருக்கும் தெரியும். பதில் பேசக்கூடாது, பேசினால் சேற்றை நாமே வாரிப் பூசிக்கொண்டதாகும் என்று குழுவின் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அதன்பின் வாசலில் கேள்வி மாறிவிட்டது. "ஏம்மா, உன் வீட்டுக்காரர் உன்கூட இல்லையாமே?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அதில் கேலி எதுவும் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். ஒரு வாசலில் நின்று பேசக் கிடைப்பதே சில நிமிடங்கள். அந்த நிமிடங்கள் முழுவதையும் தன் திருமணத்தைப் பற்றி விளக்குவதில் அவர் செலவிட்டார், கணக்குத் தாள் மடித்தபடியே கையில் இருந்தது. அடுத்த வீட்டிலும் அதே கதைதான். அவர் தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அந்த ஒரு பேச்சுதான் தோற்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதை நான் அருகில் நின்று பார்த்தேன். ஒரு வேட்பாளருக்கு நேரம்தான் மூலதனம்; அதைத்தான் பறித்தது. மேடையில் பதில் சொல்லாததால், அதே பதிலை ஒவ்வொரு வாசலிலும் அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. மௌனம் சம்மதம் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குடும்ப வாழ்க்கையை வைத்து இழிவுபடுத்துவதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. எந்த நிலையில் இருக்கும் பெண்ணும் அதிலிருந்து தப்ப முடியாது. திருமணமானவர் என்றால் கணவரின் பொம்மை. ஆகாதவர் என்றால் நடத்தை சரியில்லாதவர். கைக்குழந்தை இருந்தால் பிள்ளையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுபவர். பிள்ளை இல்லையென்றால் பாசம் அறியாதவர். ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்டைக் குறித்து, அவர் வேண்டுமென்றே பிள்ளை பெறாதவர், ஆகவே தலைமைக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் ஒரு செனட்டர் 2007-இல் பேசினார். கில்லார்ட் பிரதமரான பிறகு, 2011-இல் கார்பன் வரிக்கு எதிராக நடந்த ஒரு பேரணியில் அவரைச் சூனியக்காரி என்று சொல்லும் பதாகைகள் உயர்த்தப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபோட் அந்தப் பதாகைகளின் முன்னால் நின்று பேசினார். கில்லார்ட் 2012 அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் அபோட்டை நோக்கி, பெண் வெறுப்பைப் பற்றி எனக்கு இந்த மனிதர் பாடம் நடத்த வேண்டாம் என்ற பொருளில் ஆற்றிய உரை உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. தொடக்கத்திலேயே இவற்றைச் சுட்டிக்காட்டாமல், தானாக அடங்கிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருந்தது பற்றி அவரே பின்னாளில் வருந்திப் பேசியிருக்கிறார். நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்தவருக்கே பொறுமை பயன் தரவில்லை என்றால், உள்ளாட்சி உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடும் பெண்ணுக்கு அது எப்படிப் பயன் தரும்?

எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு, நான் பலமுறை பார்த்து வியந்த ஓர் எடுத்துக்காட்டு நியூசிலாந்தில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 1 அன்று ஜசிந்தா ஆர்டர்ன் தொழிற்கட்சியின் தலைவரானார். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அன்றே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழந்தை பெறும் திட்டம் உண்டா என்று அவரிடம் கேட்டார்கள். மறுநாள் காலை இன்னொரு நிகழ்ச்சியில், வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று ஒரு தொகுப்பாளர் வாதிட்டார். ஆர்டர்ன் அவரை நேராக விரல் நீட்டிச் சுட்டி, தன்னைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லத் தனக்குத் தயக்கமில்லை, ஆனால் 2017-ஆம் ஆண்டில் எந்தப் பெண்ணும் தன் பணியிடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை ஏற்கவே முடியாது என்றார். அவர் செய்ததைக் கவனியுங்கள். தன் தனிவாழ்க்கையை விளக்கவில்லை. தன்னைப் பாதுகாத்துக்கொள்ளவும் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் அனைவரின் பிரச்சினையாக அதை மாற்றினார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் பலர் ஏதோவொரு நேர்காணலில் அதே கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். இதையெல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடமே போதுமானதாக இருந்தது; பிறகு தேர்தலுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வேட்பாளரும், கணவரைப் பிரிந்தும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எத்தனையோ பெண்களின் பெயரால் ஒரே ஒருமுறை மேடையிலேயே பதில் சொல்லியிருந்தால், அந்த மூதாட்டியின் கேள்வி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆண் வேட்பாளர்களையும்தானே திட்டுகிறார்கள் என்ற எதிர்வாதம் வரும். திட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அவர் செய்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்காகத் திட்டுகிறார்கள்: ஊழல், பொய், கட்சி தாவல். அதை மறுக்கலாம், ஆவணம் காட்டலாம், வழக்குப் போடலாம். பெண்ணை அவர் யாராக இருக்கிறார் என்பதற்காகத் திட்டும்போது மறுக்க எதுவும் இல்லை. பெண் வேட்பாளரின் ஊழலையும் திறமையின்மையையும் எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். அதை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது.

இது வெறும் மனவருத்தம் சார்ந்த விஷயமும் இல்லை. சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம் 2016-இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசியது. மாதிரி சிறியதுதான், ஆனாலும் அவர்களில் 81.8 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் உளவியல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள், 44.4 சதவீதத்தினர் கொலை, பாலியல் வன்முறை, அடி, கடத்தல் போன்ற மிரட்டல்களைப் பெற்றிருந்தார்கள். இந்தியாவில் 2019 மார்ச் முதல் மே வரை, 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட 1,14,716 ட்வீட்டுகளை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி ஆராய்ந்தபோது, அவற்றில் 13.8 சதவீதம் இழிவானவையோ சிக்கலானவையோ என்று கண்டது. ஏழில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மேடையில் மைக் முன்னால் ஒரு தலைவர் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் இரவில் பெயர் தெரியாதவர்கள் அந்தப் பெண்ணின் கைப்பேசிக்கு இன்னும் மோசமாக எழுதி அனுப்புகிறார்கள்.

சட்டமும் தேர்தல் ஆணையமும் இருக்கின்றனவே என்றால், அவற்றின் தண்டனை எவ்வளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் தேர்தல் நடத்தை விதிகள், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையை விமர்சிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. 2019-இல் ராம்பூர் தொகுதியில் ஜெயப்பிரதாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஆசம் கான், உள்ளாடையைக் குறிப்பிட்டுப் பேசிய பேச்சுக்காகத் தேர்தல் ஆணையம் அவருக்கு 72 மணி நேரம் பிரசாரத் தடை விதித்தது. தான் யாரையும் பெயர் சொல்லிப் பேசவில்லை என்று அவர் மறுத்தார். தேர்தலில் ஏறத்தாழ 1.1 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2024 தேர்தலில் ஹேமமாலினியைப் பற்றிய பேச்சுக்காகக் காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரமும், மம்தா பானர்ஜியைப் பற்றிய பேச்சுக்காகப் பாஜகவின் அபிஜித் கங்கோபாத்யாயுக்கு 24 மணி நேரமும் தடை விதிக்கப்பட்டது. எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் உரிய நோய் இல்லை இது. இரண்டு நாள் மேடை ஏறாமல் இருப்பதை ஓய்வு நாள்களாகவே ஒரு தலைவர் எடுத்துக்கொள்ள முடியும்.

வேறு வழிகளைத் தேடிய நாடுகள் உண்டு. பொலிவியா 2012-இல், ஹுவானா கிஸ்பே என்ற உள்ளாட்சிப் பெண் உறுப்பினர் கொல்லப்பட்ட சில மாதங்களிலேயே, அரசியலில் உள்ள பெண்களுக்கு எதிரான துன்புறுத்தலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. மெக்சிகோ 2020-இல் பெண்களுக்கு எதிரான அரசியல் வன்முறையைச் சட்டத்தில் வரையறுத்தது. அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை அங்குள்ள தேர்தல் அமைப்பு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2023-இல் அரசியலமைப்பையே திருத்தி, இந்தக் குற்றத்துக்காக இறுதித் தீர்ப்பில் தண்டனை பெற்றவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்தார்கள். சட்டம் இருப்பதால் அங்கே வன்முறை ஒழிந்துவிடவில்லை. ஆனால் பேசுபவரின் வேட்பாளர் தகுதிக்கே ஆபத்து என்னும்போது கட்சித் தலைமை பேச்சாளர்களை அழைத்து எச்சரிக்கும்; 48 மணி நேரத் தடைக்காக எந்தத் தலைமையும் அப்படிச் செய்யாது.

சட்டம் மாறும் வரை தேர்தல் குழுக்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. இழிபேச்சு வரும் முன்பே, அது வந்தால் என்ன சொல்வது, யார் சொல்வது என்று முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். பேச்சின் காணொளியைத் தேதி, இடம், நேரத்தோடு சேமித்து அன்றே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். பதிலில் அந்த இழிசொல்லைத் திரும்பச் சொல்லக்கூடாது. பதில் சொன்னால் அந்தப் பேச்சு இன்னும் பரவிவிடும் என்ற கேள்வி கேட்டவரின் அச்சத்தில் நான் ஏற்கும் நியாயமான பகுதி இது ஒன்றுதான். சொன்னவர் பெயரைச் சொல்லி, அவர் செய்தது இன்னதென்று ஒரு வரியில் சொல்லி, பிறகு குடிநீருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ திரும்ப வேண்டும்.

முதல் பதில் வேட்பாளருடையதாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில பெண்கள் தங்கள் பிரிவையோ குழந்தையின்மையையோ பற்றிப் பொதுமேடையில் ஒரு சொல்கூடப் பேச விரும்பமாட்டார்கள். அது அவர்கள் உரிமை. அப்போது கட்சியின் மாவட்டச் செயலாளரோ, கூட்டணிக் கட்சியின் ஆண் தலைவரோ, அதே மேடையில் இருந்த வேறு யாரோ எழுந்து பேச வேண்டும். இழிபேச்சு வந்தது தன் கட்சிக்காரரிடமிருந்து என்றால், எதிரணி வேட்பாளரே மறுநாள் அதைக் கண்டித்துவிட்டுத்தான் தன் பிரசாரத்தைத் தொடர வேண்டும். அப்படிக் கண்டிக்காத வேட்பாளர் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும்போது, ஏன் கண்டிக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள்.