வடகடல் தீவுகளில் நீர்க்கரடி: புலனக் குழுவில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் புலனக் குழுவில் ஒரு தம்பி நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுப் படம் ஒன்றைப் போட்டு, "இந்தப் பனிக்காட்டிலும் நீர்க்கரடி இருக்கிறதாமே, எப்படி?" என்று கேட்டார். பாசிக்குள் வாழும் சிற்றுயிர்களைப் படித்தவள் என்று எல்லாரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற கங்காணி ஐயா): கரடி என்கிறீர்கள், கண்ணுக்கே தெரியாது என்கிறீர்கள். இது என்ன பிராணி அம்மா?

பதில்: பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் ஐயா. எட்டுக் கால், ஒவ்வொரு காலிலும் நகம், வாய்க்குள் நீட்டி இழுக்கக்கூடிய இரண்டு முட்கள். அந்த முள்ளால் பாசியின் செல்லைக் குத்தி உறிஞ்சும். சில வகைகள் மற்ற சிற்றுயிர்களையே பிடித்துத் தின்னும். 1773இல் கெட்ஸே என்ற ஜெர்மன் பாதிரியார் இதைப் பார்த்து, நடையைக் கண்டு கரடிப் பெயர் வைத்தார். உடம்பைச் சுற்றித் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் நடமாட்டம். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி): டீச்சர், ஸ்வால்பார்ட்டைச் சுற்றிக் கடல்தானே? நீந்தத் தெரியாத பிராணி எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பதில்: நல்ல கேள்வி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுக்கூட்டம் கனத்த பனிப்பாளத்துக்குக் கீழே கிடந்தது. ஆகவே இன்று அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி பனி விலகிய பிறகு வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மலை முகடுகளில் சில தப்பிப் பிழைத்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். எந்த இனம் எந்த வழி என்பதுதான் சண்டை.

வந்த வழியைப் பார்ப்போம். பாசி காயும்போது நீர்க்கரடி காலை உள்ளே இழுத்து, உடம்பிலுள்ள தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் விட்டு, சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிவிடும். அந்த நிலையில் அது தூசோடு தூசு. காற்று தூக்கிப் போகலாம், பறவையின் காலில் ஒட்டிய சேற்றோடு போகலாம். ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வாத்துகள் வருஷா வருஷம் ஸ்வால்பார்ட்டுக்குப் பறந்து வருகின்றன. மரமே முளைக்காத அந்தக் கரையில் சைபீரிய ஆறுகள் தள்ளிவிட்ட கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. இந்தக் காலத்தில் சுற்றுலாக்காரர்களின் காலணிகளையும் சேர்த்துக்கொள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பல இனங்களில் ஆண் தேவையில்லை. பெண் தனியாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒன்றே ஒன்று போய் விழுந்தாலும் குடும்பம் தொடங்கிவிடும். ஆனால் போய் விழுவது வேறு, பிழைப்பது வேறு. ஈரம், உணவு, பனி கரையத் தேவையான சில வாரக் கோடை, இவை அமைய வேண்டும்.

கேள்வி (லாரி ஓட்டும் தம்பி): அப்படியென்றால் எல்லாத் தீவிலும் ஒரே கூட்டம்தானா அக்கா?

பதில்: அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள் தம்பி. 1934இல் பாஸ் பெக்கிங் என்ற டச்சு அறிஞர் ஒரு கருத்தை எழுதினார்: எல்லாம் எங்கும் இருக்கும், எது நிலைப்பது என்பதைச் சூழல் தீர்மானிக்கும். நுண்ணுயிர்களுக்காகச் சொன்னதை நீர்க்கரடிக்கும் நீட்டிவிட்டார்கள்.

மில்னேசியம் டார்டிகிராடம் என்று ஓர் இனம். 1840இல் விவரிக்கப்பட்டது. மற்ற உயிர்களை வேட்டையாடும் வகை, பார்த்தவுடன் குடும்பம் தெரிந்துவிடும். அதனால் கிரீன்லாந்தில் கிடைத்தாலும் அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அதே பெயரை எழுதிக்கொண்டே போனார்கள். 2012இல் அந்த இனத்தைப் புதிதாக, கறாராக விவரித்தபோதுதான் ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. இன்று அந்தப் பேரினத்தில் பல பத்து இனங்கள். பழைய பட்டியலில் "மி. டார்டிகிராடம், ஸ்பிட்ஸ்பெர்கன்" (ஸ்வால்பார்ட்டின் பெரிய தீவு) என்று பார்த்தால், மில்னேசியம் ஏதோ ஒன்று இருந்தது என்று மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் நீர்க்கரடி கிடைத்த இடங்களுக்குப் புள்ளி வைத்த வரைபடத்தைப் பார்க்கும்போதும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்பிட்ஸ்பெர்கனின் தெற்கே ஹார்ன்சுண்டில் போலந்துக்காரர்களின் ஆய்வு நிலையம் 1957 முதல் இருக்கிறது. நிலையம் இருக்கும் இடத்தில் பாசி சுரண்ட ஆள் இருக்கும், பட்டியலும் நீளும். அதற்குக் கிழக்கே ரஷ்யாவுக்குச் சொந்தமான பிரான்ஸ் யோசெப் நிலம் என்ற தீவுக்கூட்டம் போன்ற இடத்துக்குப் போவதே பெரும்பாடு. புள்ளி இல்லாத தீவை நீர்க்கரடி இல்லாத தீவு என்று படிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி (தாதி வேலை செய்யும் அக்கா): தீவில் எந்த இடத்தில் தேடினால் கிடைக்கும்?

பதில்: பாசி, பாறையில் ஒட்டும் லைக்கன், ஈர மண், குட்டை அடிச் சேறு. ஆனால் எனக்குப் பிடித்தவை இரண்டு இடங்கள்.

ஒன்று, பறவை மலை. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் செங்குத்துப் பாறைக்கு அடியில் எச்சம் விழுந்து விழுந்து மண் உரமேறிக் கிடக்கும். சுற்றிலும் வெறும் கல்லாக இருக்க, அங்கே மட்டும் பாசி மெத்தையாக வளரும். அந்தப் பாசிக்குள் இருக்கும் நீர்க்கரடிக் கூட்டமும் சாதாரணத் தரையில் இருப்பதிலிருந்து மாறும்.

இரண்டு, பனிப்பாறையின் மேலுள்ள குழிகள். காற்றில் வந்த கறுப்புத் தூசு பனியின் மேல் படிந்து வெயிலை உறிஞ்சும். அடியிலுள்ள பனி உருகும். தூசு கீழே இறங்கும். செங்குத்தான சிறு குழி, மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கறுப்பு வண்டல். 1870இல் கிரீன்லாந்தில் நோர்டென்ஷியோல்ட் என்ற துருவப் பயணி இந்த வண்டலுக்குக் கிரையோகோனைட் என்று பெயர் வைத்தார். அந்த வண்டலில் நுண்பாசியும் பாக்டீரியாவும் வளர, அவற்றை மேய்வது நீர்க்கரடியும் ரோட்டிஃபர் என்ற இன்னொரு சிற்றுயிரும்தான். புலியும் இல்லை, நரியும் இல்லை. அந்தக் குழிக்கு இவர்களே ராஜா. குளிர்காலம் வந்தால் குழியோடு உறைந்து கிடந்து, கோடையில் மறுபடி எழுந்து வேலையைப் பார்ப்பார்கள்.

கேள்வி: கடலில் வாழும் வகை உண்டா?

பதில்: உண்டு. கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில் நிபிசாட் விரிகுடாவிலிருந்து ஹாலோபயோட்டஸ் கிறிஸ்பஸ் என்ற இனத்தை டென்மார்க் ஆய்வாளர் கிறிஸ்டென்சன் 1982இல் விவரித்தார். குளிர்காலத்தில் இதற்கு இரட்டைத் தோல், வாய் அடைப்பு; கோடையில் வேறு தோற்றம். பருவத்துக்கு ஏற்ப உடம்பையே மாற்றிக்கொள்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நிலாவில் கூட இருக்கிறதாமே?

பதில்: 2019இல் இஸ்ரேலின் பெரெஷீட் விண்கலம் நிலாவில் மோதியபோது உலர்ந்த நீர்க்கரடிகள் அதில் இருந்தன. தண்ணீர் இல்லாத இடத்தில் நடமாட வழியில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை.

கேள்வி (தோட்ட நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்): எதற்கும் சாகாத பிராணி என்கிறார்களே. உலகம் சூடானால் இதற்கு என்ன கவலை?

பதில்: சாகாது என்பது காய்ந்த நிலைக்குச் சொன்னது அண்ணே. டென்மார்க்கில் ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் வழியும் தகரத்திலிருந்து எடுத்த ஓர் இனத்தை வைத்துச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஈரத்தில் நடமாடிக்கொண்டிருந்தவற்றில் பாதி, ஏறக்குறைய 37 பாகைச் சூட்டில் ஒரே நாளில் செத்துவிட்டன. நம் ஊரில் காய்ச்சல் வந்தவனின் உடம்புச் சூடுகூட அதைவிட அதிகம். உலர்ந்தவை ஒரு மணி நேரம் 80 பாகையைத் தாண்டியும் தாங்கின. குளிரில் கதை வேறு: அண்டார்டிகாவில் 1983இல் எடுத்து உறைய வைத்த பாசியிலிருந்து 2014இல் ஜப்பானியர்கள் நீர்க்கரடியை எழுப்பினார்கள், அது முட்டையும் இட்டது. வடதீவுகளில் எனக்குள்ள கவலை பனிக்குழிகளைப் பற்றித்தான். பனிப்பாறையே உருகிப் போனால் குழி எங்கே?

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): நம் பக்கம் பிள்ளைகளை வைத்துத் தேடலாமா டீச்சர்?

பதில்: தாராளமாக. பழைய பால்மர நிரையில் பட்டையின் மேல் படர்ந்த பாசியை எடுங்கள், காய்ந்திருந்தாலும் பரவாயில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலை ஒரு துளி எடுத்து 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். கிடைக்காமலும் போகலாம், அடுத்த மரத்துப் பாசியை எடுங்கள், மலைப்பக்கம் போனால் அங்கேயும் எடுங்கள்.

கிடைத்தால் உடனே இனப்பெயர் எழுதிவிட வேண்டாம். நகத்தையும், பல வகைகளுக்கு முட்டை ஓட்டின் மேலுள்ள புடைப்புகளையும் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது. தேதி, இடம், எந்த மரம், எவ்வளவு உயரத்தில் என்று எழுதி, மீதிப் பாசியைக் காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.