ஒத்தெல்லோ மனைவியை விட்டுவிட்டு இயாகோவை நம்பியது ஏன்?

துன்பியல் நாயகன் என்றால் கெட்டவன் இல்லை. பெரிய மனிதன், தன்னிடமுள்ள ஒரு பிசகாலேயே அழிகிறவன். 1604-இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஒத்தெல்லோ அப்படிப்பட்டவன்.

அவன் படைத்தளபதி. போர்க்களத்தில் கூட நின்றவன் இயாகோ. டெஸ்டிமோனாவோ புது மனைவி, அதிலும் வெனிஸ்காரி. இவன் அந்த ஊருக்கு அந்நியன். 'எங்கள் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும்' என்று இயாகோ சொல்லும்போது மறுத்துப் பேச இவனிடம் எதுவும் இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பருவமாகக் காய் விற்றுக் கொடுக்கும் தரகர், "உங்கள் மருமகனை மண்டியில் பார்த்தேன்..." என்று தொடங்கி, "வேண்டாம், விடுங்கள்" என்று நிறுத்துகிறார். குற்றம் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு தோப்புக்காரருக்குத் தூக்கம் வராது. மீதிக் கதையை அவரே கட்டிவிடுவார். இயாகோவின் வித்தையும் இந்த அரைப்பேச்சுதான். டெஸ்டிமோனாவுக்கும் ஒத்தெல்லோவின் துணைத்தளபதி காசியோவுக்கும் கள்ள உறவு என்ற சந்தேகத்தை அவன் இப்படித்தான் விதைக்கிறான்.

பிறகு சாட்சிக்கு ஒரு கைக்குட்டை போதும். ஸ்ட்ராபெரிப் பழம் பின்னிய துணி, ஒத்தெல்லோ மனைவிக்குத் தந்த முதல் பரிசு. அது காசியோவின் கையில் இருப்பதைப் பார்க்கிறான். எப்படிப் போனது என்று மனைவியின் தோழி எமிலியாவிடம் துருவிக் கேட்டிருக்கலாம். (எனக்கு ஆற்றாமை இங்கேதான்.)

அவன் பிறவிச் சந்தேகக்காரன் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 'தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள்' என்று மாமனாரே எச்சரித்தபோது, அவள் நேர்மைக்குத் தன் உயிரைப் பணயம் வைப்பதாகச் சொன்னவனும் இதே ஒத்தெல்லோதான்.