ரன்: ஓடுவதும் ஓட்டுவதும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, வணக்கம்.

நான் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த என் மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் படிக்கிறாள். 'ஹெர் அங்கிள் ரன்ஸ் எ ஷாப் இன் ஜார்ஜ் டவுன்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். 'அவளுடைய மாமா ஜார்ஜ் டவுனில் ஒரு கடை ஓடுகிறார்' என்று எழுதினாள். தவறு என்று அவளுக்கே தெரிந்தது. அகராதியைப் புரட்டி, 'ரன்' என்ற சொல்லுக்கு வரிசையாகக் கொடுத்திருந்த பொருள்களைப் பார்த்து மலைத்துப்போய்விட்டாள். அண்மையில் ஒரு நிகழ்ச்சியில் பேசியவர், ஆங்கிலத்தில் சொல்வளம் இல்லாததால்தான் ஒரே சொல்லை வைத்து நூறு இடங்களில் ஒப்பேற்றுகிறார்கள் என்றும், தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு என்றும் சொன்னார். அது சரிதானா? இந்தச் சொல்லை என் மகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மேடையில் சொல்லப்பட்டது சரியல்ல. தமிழின் மேல் உள்ள பற்றினால் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு தமிழுக்கும் நியாயம் செய்யவில்லை.

ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அந்த அகராதியின் மிக நீண்ட பதிவு அதுதான். 2011-இல் 'ரன்' திருத்தி எழுதப்பட்டபோது வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கண்டு, அது 'செட்'டை முந்திவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக அகராதியின் தொகுப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்தார். நீராவி இயந்திரம், ரயில், தொழிற்சாலை, கணினி என்று ஒவ்வொன்றும் வந்தபோது, அது இயங்குவதைச் சொல்ல ஆங்கிலேயர் புதுச்சொல் தேடாமல் கைவசம் இருந்த 'ரன்'னையே எடுத்துக்கொண்டதுதான் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம். 'ஆப்பரேட்', 'கண்டக்ட்' என லத்தீன் வழி வந்த சொற்களும் அவர்களிடம் இருக்கத்தான் செய்தன. சொல் இருந்தும் பழைய வீட்டுச்சொல்லையே நாடினார்கள் என்பதை வறுமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி நம் 'ஓடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, தைப்பூசத்தில் தேர் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுகிறது, வருடங்கள் ஓடிவிட்டன, கடை ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, துக்கச் செய்தி கேட்டவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பாட்டு அந்தக் குடும்பத்தின் இரத்தத்திலேயே ஓடுகிறது. இவற்றில் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலமும் 'ரன்' என்றே சொல்லும். 'டிரையல் ரன்' என்பதற்கு நாம் மொழிபெயர்ப்புத் தேட வேண்டியதே இல்லை. புதுத்தேரைத் திருவிழாவுக்கு முன்பு இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்று நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட்டில் எடுக்கும் 'ரன்'னும் நமக்கு ஓட்டம்தான். திருக்குறளில் இரக்கத்தைக் குறிக்கும் கண்ணோட்டம் என்ற சொல் இன்று பார்வைக் கோணத்தைக் குறிப்பதும் இதே 'ஓட்ட'த்தின் வேலைதான். பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒரு தனித் தொகுதியை ஒதுக்கியிருக்கிறது. இத்தகைய சொற்களைக் குறையாகக் கருதும் வழக்கம் தமிழில் இருந்ததே இல்லை.

உங்கள் மகளின் வாக்கியத்துக்கு வருகிறேன். அவள் தவறு செய்த இடம் மிகச் சிறியது. தமிழ்ப்பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பாள். ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன: தானே ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடச்செய்வதற்கு 'ஏர்னன்'. காலப்போக்கில் அவை கலந்து 'ரன்' என்ற ஒரே வடிவமாகிவிட்டன. நாம் இன்னும் 'ட்' என்ற ஒற்றால் பிரித்துச் சொல்வதை அவர்கள் வாக்கிய அமைப்பால் மட்டுமே பிரிக்கிறார்கள். 'தி ஷாப் ரன்ஸ்' என்றால் கடை ஓடுகிறது; 'ஹி ரன்ஸ் தி ஷாப்' என்றால் அவர் கடையை ஓட்டுகிறார். வினைக்குப் பின்னால் ஒரு செயப்படுபொருள் நிற்கிறதா என்று பார்க்க அவள் பழகிவிட்டால், அந்த 645 பொருள்களில் பெரும்பகுதி இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். குடும்பத்தை ஓட்டுகிறோம், காலத்தை ஓட்டுகிறோம் என்று வீட்டில் தினமும் பேசும் பிள்ளைக்கு இது விளங்காமல் போகாது.

கடையை ஓட்டுகிறார் என்பது பேச்சில் சரி. ஆனால் அதில் ஏதோ சமாளிக்கிறார் என்ற சாயல் இருப்பதால், எழுதும்போது கடை நடத்துகிறார் என்போம். இங்கே அவள் மலாய்மொழி கைகொடுக்கும். 'ஜாலான்' என்றால் நட. தொழில் நடத்துவதற்கு மலாயில் 'மெஞ்ஜாலான்கான்' என்கிறார்கள். நட, நடத்து என்பதன் அதே பாதை. தமிழரும் மலாய்க்காரரும் தொழிலை நடக்க வைக்கிறார்கள், ஆங்கிலேயர் ஓட வைக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்; மூன்று மொழியும் தெரிந்த மலேசியப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். மலாயில் ஓடு என்று பொருள்படும் 'லாரி' என்ற சொல்லும் தன் வழியே வளர்ந்திருக்கிறது. கட்டுரை தலைப்பை விட்டு விலகினால் 'லாரி தாஜுக்', செலவு திட்டத்தை மிஞ்சினால் 'லாரி பஜெட்'. தலைப்பை விட்டு விலகுவதற்கு ஆங்கிலத்தில் 'ரன்' வராது.

மூக்கு, குழாய், சாயம் மூன்றுக்கும் ஆங்கிலம் 'ரன்' போடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் 'ரின்னன்' தொடக்கத்திலிருந்தே நீர் பாய்வதையும் குறித்த சொல். உறவுமொழியான ஜெர்மனில் 'ரின்னென்' இன்றும் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. நாம் மட்டும் மூக்கு ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, சாயம் போகிறது என்று வேறுபடுத்துவோம். தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபெரிங்கி வரை கடலோரமாகவே சாலை 'ரன்ஸ்' என்பார்கள். நமக்குச் சாலை செல்லும், போகும், ஓடாது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார், நம் வேட்பாளரும் நிற்கிறார். ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே ஓடுவதும் நிற்பதும் ஒரே செயலைக் குறிக்கும்போது, சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

அப்படியானால் பொருளை எதைக் கொண்டு தெரிந்துகொள்வது என்பதற்குத் தொல்காப்பியத்தில் விடை இருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்கிறது. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக் காட்டுகிறார்கள். மா பூத்தது என்றால் வினையால் அது மரம் என்று தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் உடன் நிற்கும் மருதமரத்தின் இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவா என்றால் அந்தச் சூழலால் குதிரை என்று தெரிகிறது. இன்றைய ஆங்கில ஆசிரியர்கள் சொல்லைத் தனியாக மனனம் செய்யாதே, அதன் கூட்டாளிகளோடு சேர்த்துப் படி என்று சொல்வதும் இதையேதான்.

ஆகவே 'ரன் என்றால் ஓடு' என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். யார், எது, எதை என்பதோடு முழு வாக்கியமாக எழுதட்டும். பினாங்குக் கொடிமலை ரயிலை வைத்தே தொடங்கலாம்: ரயில் மலையேறி ஓடுகிறது, நிர்வாகம் அதை இயக்குகிறது, தண்டவாளம் சுரங்கத்தின் வழியே செல்கிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'ரன்'தான். தமிழில் மூன்று வினைகள் வேண்டியிருக்கின்றன. அடுத்து இதைத் திருப்பியும் செய்யச் சொல்லுங்கள். நேரம் ஓடவில்லை, கை ஓடவில்லை என்பவற்றை ஆங்கிலத்தில் எழுத முயன்றால் 'ரன்' உதவாது என்பதை அவளே காண்பாள். நான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், நேரான மொழிபெயர்ப்பைவிட இந்தத் திருப்பத்தில்தான் அதிக நேரம் செலவிடுவேன்.

'ரன் அவுட்', 'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' போன்றவற்றை மேலே சொன்ன எதனோடும் கலக்க வேண்டாம். அரிசி தீர்ந்துவிட்டது, சந்தையில் எதிர்பாராமல் சந்தித்தேன், வண்டி ஏற்றிவிட்டது, மட்டம்தட்டினான் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்லாகவே படிக்க வேண்டியவை. ஒரு பெண் ஓடிப்போய்விட்டாள் என்று நாம் சொல்லும்போது அவள் உண்மையில் ஓடினாளா நடந்தாளா என்று யாரும் கேட்பதில்லை, அதுபோலத்தான் இவையும். முதல் படிவத்துக்கு இந்த நான்கு போதும். மற்றவற்றைக் கதைப்புத்தகங்களில் எதிர்ப்படும்போது அந்த வாக்கியத்தோடு சேர்த்து அதே குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து